நுண்வேலைத் துப்பாக்கிகளுக்கு ஏற்ற திருப்புளிகளைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்: முழுமையான வழிகாட்டி

லண்டன் பட்டறைகளில் கையால் செய்யப்பட்ட ஒரு சைடுலாக் (லாக் எனப்படும் சுடும் பொறியைப் பக்கத் தகடுகளில் பொருத்திய) இரட்டைக் குழல் துப்பாக்கியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் திருகாணிகளின் காடிகள், அதாவது திருப்புளி நுழையும் பள்ளங்கள், குழல்களின் போக்கிலேயே நேராக நிற்பதைக் காணலாம். திருகாணியை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, அந்த நிலையில் காடி எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டு வெட்டி, தலையைச் சுற்றியுள்ள உலோகத்தோடு மட்டமாக அராவி, அதன் மேல் செதுக்கு வேலை செய்து, பின்னர் கழற்றிப் பதமிட்டு நிறம் ஏற்றி முடிப்பது அந்தப் பட்டறைகளின் வழக்கம். 1814-இல் தொடங்கிய பர்டி, 1835-இல் தொடங்கிய ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்மிங்ஹாமில் 1812-இல் தொடங்கிய வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் உயர்தரத் துப்பாக்கிகளில் ஒவ்வொரு திருகாணியும் தனக்குரிய ஒரே துளைக்கென்று செய்யப்பட்டது. அந்தத் தொழிலில் இவற்றைப் பின் என்றே அழைப்பார்கள். பிரீச் பின் என்ற பெயரைக் கீழே அப்படியே கையாள்கிறேன்.

இப்படிப்பட்ட தலையில் பொருந்தாத திருப்புளி ஒரு முறை வழுக்கினால் காடியின் விளிம்பு மடிந்து பிசிறு எழும். அலகு மேலும் நகர்ந்தால் பக்கத்திலுள்ள செதுக்கு வேலையின் மீது ஒரு கோடு விழும். மடிந்த விளிம்பை ஓரளவு தட்டிச் சேர்க்கலாம். ஆனால் நூறாண்டுக்கு முன் ஒரு கைவினைஞர் செதுக்கிய கோடுகளை அழித்துச் சென்ற கீறலை மறைக்க வேண்டுமானால், அந்த இடத்து உலோகத்தைக் குறைத்து மறுபடி செதுக்கியாக வேண்டும். அதன் பின் அது பழைய வேலை ஆகாது. ஆகவே நல்ல துப்பாக்கியில் கை வைக்க விரும்புகிறவர் முதலில் சேர்க்க வேண்டிய கருவி திருப்புளிதான் என்று உறுதியாகச் சொல்வேன். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கொள்கையின் மீது நிற்கிறது: கையிலுள்ள திருப்புளிக்குக் காடியை இணங்க வைக்கக் கூடாது, காடியை அளந்து அதற்கேற்ற அலகை உருவாக்க வேண்டும்.

இந்தியாவில் உள்ளவர்கள் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, ஆயுதங்களைச் செய்வதோடும் விற்பதோடும் சேர்த்து, அவற்றைப் பழுது பார்ப்பதையும் உரிமம் தேவைப்படும் செயலாக வைத்திருக்கிறது. எனவே பிறர் துப்பாக்கியைத் தொடுவதும், சொந்தத் துப்பாக்கியில் துப்புரவைத் தாண்டிப் போவதும் உரிமம் பெற்ற கம்மியருக்கு உரியவை. அப்படிப்பட்டவரிடம் கொடுக்கும்போதுகூட, அவர் எந்தத் திருப்புளியை எடுக்கிறார் என்று பார்த்து அறிய இந்தச் செய்திகள் உதவும்.

கடைத் திருப்புளி ஏன் பொருந்துவதில்லை

சாதாரணத் திருப்புளியின் அலகு நுனியை நோக்கி ஆப்பு போலச் சரிந்து மெலிகிறது. பல அளவுக் காடிகளில் எப்படியோ நுழைந்துவிட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நுண்வேலைத் துப்பாக்கியின் காடியோ இரு சுவர்களும் இணையாக, நேர் செங்குத்தாக வெட்டப்பட்டது. சரிந்த அலகை அதில் வைத்தால், அலகு காடியின் அடியில் எதையும் தொடாமல், வாய்ப்புறத்து விளிம்புகளை மட்டும் தொட்டு நிற்கும். திருப்பும் விசை முழுவதும் அந்த இரு மெல்லிய கோடுகளில் இறங்குவதால் விளிம்பு நசுங்குகிறது. அதோடு, சரிந்த பக்கம் சுவரை அழுத்தும்போது அந்த அழுத்தத்தின் ஒரு பகுதி அலகை மேல்நோக்கித் தள்ளுகிறது. எவ்வளவுக்கு அழுத்தித் திருப்புகிறோமோ அவ்வளவுக்கு அலகு வெளியே ஏற முயலும். வழுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கைப்பழக்கக் குறைவன்று. அலகின் வடிவமே அதைச் செய்கிறது.

இரண்டாவது காரணம் அளவு. தட்டையான அலகுத் திருப்புளிகளுக்கென ஐஎஸ்ஓ 2380 என்ற பன்னாட்டுத் தரம் உண்டு. அந்த வழக்கில் 4 மி.மீ. அகல அலகின் நுனித் தடிமன் 0.8 மி.மீ.; 5.5 மி.மீ. அகலத்துக்கு 1.0 மி.மீ.; 6.5 மி.மீ. அகலத்துக்கு 1.2 மி.மீ.; 8 மி.மீ. அகலத்துக்கு 1.2 அல்லது 1.6 மி.மீ. அகலம் கூடக் கூடத் தடிமனும் கூடுகிறது. ஆங்கிலத் துப்பாக்கிகளில் இந்த விகிதமே கிடையாது. 8 மி.மீ. விட்டமுள்ள தலையில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய காடி இருக்கும். அழகுக்காக அதை அவ்வளவு மெல்லியதாக வெட்டினார்கள். அந்த அகலத்துக்குரிய கடைத் திருப்புளி காடிக்குள் இறங்கவே இறங்காது. இறங்கக்கூடிய மெல்லிய திருப்புளியோ தலையின் நடுவில் 3 மி.மீ. அகலத்தை மட்டும் பிடிக்கும்.

குறுகிய அலகு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 8 மி.மீ. அகல அலகு மையத்திலிருந்து 4 மி.மீ. தொலைவு வரை சுவரைத் தள்ளுகிறது, 4 மி.மீ. அகல அலகு 2 மி.மீ. தொலைவு வரைதான் தள்ளுகிறது. அதே திருப்பு விசையைப் பெற இரண்டாவது அலகு சுவரின் மீது இரு மடங்கு விசையைச் செலுத்த வேண்டும். அதைத் தாங்கும் பரப்போ பாதி. அலகு முறிவதும் காடி கிழிவதும் இப்படித்தான் நேர்கின்றன.

முதல் படி: துப்பாக்கியை ஆயத்தம் செய்து காடியைத் துப்புரவாக்குதல்

குழல்களைத் திறந்து அறைகள் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பின்னர், முன்கட்டையையும் குழல்களையும் கழற்றி அப்பால் வைக்க வேண்டும். மீதியுள்ள பகுதியைத் தோல் அல்லது கெட்டிக் கம்பளி வைத்த தாடைகளுள்ள வைஸில், அசையாத அளவுக்கு மட்டும் பிடிக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யக் கூடாது. துப்பாக்கி நகர்ந்தால் அலகும் நகரும்.

பழைய காடிகளில் காய்ந்த எண்ணெயும் மெருகுப் பசையும் தூசியும் சேர்ந்து அடியில் கெட்டித்துக் கிடக்கும். பார்வைக்குக் காடி ஆழமாகத் தோன்றினாலும் அலகு பாதி ஆழத்திலேயே நின்றுவிடும். மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, காடியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்து, வெளிவரும் அழுக்கைப் பஞ்சால் துடைத்து, அடி உலோகம் பளிச்சென்று தெரியும் வரை இதைச் செய்ய வேண்டும். எஃகு ஊசியால் சுரண்டக் கூடாது. கரைப்பான் தேவைப்பட்டால் பஞ்சு சுற்றிய குச்சியில் ஒரு துளி போதும். துப்பாக்கியின் மரக்கட்டை மெருகின் மீது வழிந்தால் அது வெளுத்துவிடும்.

இரண்டாம் படி: காடியை அளத்தல்

ஒவ்வொரு திருகாணிக்கும் மூன்று அளவுகள் வேண்டும்: காடியின் அகலம், காடியின் ஆழம், தலையின் விட்டம்.

அகலத்தை அளக்க, தடிமன் குறித்த மெல்லிய எஃகுத் தகடுகளின் தொகுப்பான ஃபீலர் கேஜ் போல வசதியான கருவி வேறில்லை. மெல்லிய தகட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தடிமனைக் கூட்டி, வற்புறுத்தாமல் அடி வரை இறங்கும் மிகத் தடித்த தகட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். 0.60 மி.மீ. இறங்கி 0.65 மி.மீ. இறங்கவில்லை என்றால் காடியின் அகலம் 0.60 மி.மீ. என்று எழுதிக்கொள்ளலாம். காடியின் நடுவில் மட்டுமல்லாமல் இரு முனைகளிலும் இதைச் செய்து பார்ப்பது அவசியம். முன்பு யாராவது தவறான கருவியைப் போட்டிருந்தால் முனைகள் விரிந்திருக்கும்; அப்போது நடுவின் அளவே காடியின் உண்மையான அளவு. பல துப்பாக்கிகளில் பக்கத்துப் பக்கத்துத் திருகாணிகளின் காடிகள்கூட ஒரே அகலத்தில் இருக்காது என்பதால், ஒன்றை அளந்து மற்றதை ஊகிக்கக் கூடாது.

ஆழத்துக்கு வெர்னியர் காலிப்பரின் ஆழக்கம்பி உதவாது. அது இவ்வளவு மெல்லிய காடிக்குள் போகாது. அடி வரை இறங்கிய அதே ஃபீலர் தகட்டில், தலையின் மேற்பரப்பு எட்டும் இடத்தில் மெல்லிய பேனாவால் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்து அந்தக் கோடு வரை அளந்துகொள்ளலாம். தலையின் விட்டத்தைக் காலிப்பரால் நேரடியாகவே எடுக்கலாம். தலை தகட்டுக்குள் அமிழ்ந்திருந்தால், அமிழ்ந்திருக்கும் துளையின் விட்டத்தையும் ஆழத்தையும் சேர்த்து எழுத வேண்டும். தண்டின் தடிமனை முடிவு செய்வது அதுதான்.

இந்த அளவுகளை ஒரு தாளில் துப்பாக்கியின் படம் வரைந்து, திருகாணிகளின் இடங்களிலேயே குறித்து வைப்பது நல்லது. கழற்றியவற்றை வைக்கும் பலகைக்கும் அந்தப் படமே வரைபடமாகிவிடும்.

மூன்றாம் படி: அலகின் வடிவத்தை முடிவு செய்தல்

அலகின் தடிமன் காடியின் அகலத்தைவிட 0.02 முதல் 0.05 மி.மீ. வரை குறைவாக இருக்கலாம். அதற்கு மேல் இடைவெளி வேண்டாம். நுனியிலிருந்து காடியின் ஆழத்தையும் தாண்டிச் சற்று உயரம் வரை இரு பக்கங்களும் இணையாக இருக்க வேண்டும். நுனியின் அடி தட்டையாகவும் தண்டுக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும்.

அகலத்தைப் பொறுத்தவரை தலையின் வடிவம் முடிவு செய்கிறது. தகட்டோடு மட்டமாக அமர்ந்த தட்டைத் தலையில் அலகு காடியின் முழு நீளத்தையும் நிரப்பலாம். ஆனால் அதன் மூலைகள் தலையைத் தாண்டி ஒரு மயிரிழையும் நீளக் கூடாது, நீண்டால் திருப்பும்போது தலையைச் சுற்றி ஒரு வட்டக் கீறல் விழும். ஆகவே விட்டத்தைவிட 0.2 மி.மீ. குறைத்துக்கொள்வது பாதுகாப்பு. குவிந்த தலையில் காடி ஓரங்களில் ஆழம் குறைந்து மறைந்துவிடுவதால், அலகு இன்னும் சற்றுக் குறுகலாக இருக்க வேண்டும். ஆழமான துளைக்குள் அமிழ்ந்த தலைக்கு, நுனிக்கு மேலே அகன்றுகொண்டு போகும் அலகு அறவே ஆகாது. தண்டு முழுவதும் நுனியின் அகலத்தைத் தாண்டாத நேரான திருப்புளியே அங்கே இறங்கும்.

பழைய துப்பாக்கிகளில், முக்கியமாகக் காடியைக் கை அரத்தால் வெட்டியவற்றில், சுவர்கள் இணையாக இல்லாமல் அடியில் குறுகுவதும் உண்டு. ஃபீலர் தகடு வாயில் தளர்ந்தும் அடியில் இறுகியும் நின்றால் அதுவே அடையாளம். அங்கே அந்தச் சரிவுக்கேற்ற சரிவை அலகுக்கும் கொடுக்க வேண்டும். இணையான அலகே எப்போதும் சிறந்தது என்று விதியாகப் பிடித்துக்கொள்வது இங்கே தவறாக முடியும்.

கைப்பிடி பற்றியும் ஒரு சொல். திருப்பு விசை கைப்பிடியின் தடிமனைப் பொறுத்துக் கூடும். லாக்கின் உள்ளேயுள்ள சிறு திருகாணிகளுக்குத் தடித்த பிடி ஆபத்தானது. விசையின் அளவு கைக்குத் தெரிவதற்குள் திருகாணியின் கழுத்து முறிந்துவிடும். பெரிய பிரீச் பின்னுக்கு மெல்லிய பிடி பயன்படாது. ஆங்கிலக் கம்மியர்கள் நீள்வட்டக் குறுக்குவெட்டுள்ள மரப்பிடியை விரும்புவதற்குக் காரணம், அது உள்ளங்கையில் உருளாமல் நிற்பதும், அலகு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமலேயே கை அறிந்துகொள்வதும்தான்.

நான்காம் படி: எஃகும் பதமும்

0.6 மி.மீ. தடிமனுள்ள நுனி பெரிய விசையைத் தாங்க வேண்டும் என்பதால் எஃகின் பதமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மிகக் கடினமாக விட்டால் நுனி கண்ணாடிபோல் உடைந்து, உடைந்த துண்டின் கூர்முனை தலையைக் கீறும். மிக மென்மையாக விட்டால் நுனி முறுகி, மூலைகள் உருண்டு, மறுபடி வழுக்கல் தொடங்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமானால் மென்மையின் பக்கமே சாய்வேன். முறுகிய நுனியை மறுபடி தீட்டிக்கொள்ளலாம்.

சொந்தமாகச் செய்கிறவர்கள் ஓ1 எனப்படும் கருவி எஃகையோ, இங்கிலாந்தில் சில்வர் ஸ்டீல் என்று விற்கும் சுமார் ஒரு விழுக்காடு கரிமம் கொண்ட எஃகையோ பயன்படுத்துகிறார்கள். பின்னதில் பெயரைத் தவிர வெள்ளி எதுவும் இல்லை. ஓ1 எஃகைச் சுமார் 800 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றி எண்ணெயில் தோய்க்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்களுக்குக் காந்தம் உதவும்: சுமார் 770 பாகையில் எஃகு காந்தத்தை விட்டுவிடும், அதைச் சற்றுத் தாண்டியதும் தோய்க்கலாம். தோய்த்த நிலையில் அது உடையக்கூடியது. மேற்பரப்பைப் பளிச்சென்று தேய்த்து, தண்டுப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடேற்றினால் நிறங்கள் நுனியை நோக்கி ஓடும். வெளிர் வைக்கோல் நிறம் சுமார் 220 பாகை, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 290 முதல் 300 பாகை. திருப்புளி நுனிக்கு ஊதா தாண்டி நீலம் வந்ததும் நிறுத்துவது நெடுநாள் வழக்கம்.

வாங்கிய அலகைத் தீட்டும்போதும் இந்த நிறங்களை நினைவில் வைக்க வேண்டும். சாணைச் சக்கரத்தில் நுனி நீலத்தையும் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டால் அந்தப் பகுதியின் பதம் போய்விட்டது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் பின்னுள்ள நல்ல பகுதியில் தொடங்குவதுதான் வழி.

ஐந்தாம் படி: வாங்குவதா, செய்வதா

இணைப் பக்க நுனி கொண்ட, துப்பாக்கி வேலைக்கென்றே செய்த திருப்புளிகள் சந்தையில் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த பிரவுனெல்ஸ் விற்கும் மேக்னா டிப் தொகுப்பில், ஒரே கைப்பிடியில் மாற்றி மாற்றிப் பொருத்தும் 6.35 மி.மீ. அறுகோண அடியுள்ள அலகுகள், ஒரே அகலத்துக்குப் பல தடிமன்களில் கிடைக்கின்றன. கனெக்டிகட்டின் சாப்மன் நிறுவனமும் சிறு பெட்டிகளில் இத்தகைய அலகுகளைத் தருகிறது. கிரேஸ் யுஎஸ்ஏ நிலையான மரப்பிடித் திருப்புளிகளைச் செய்கிறது. எதை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி, ஒவ்வோர் அலகின் தடிமனும் எண்ணாகத் தரப்பட்டிருக்கிறதா என்பதே. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மட்டும் எழுதியுள்ள பெட்டியால் பயனில்லை.

மாற்று அலகுத் தொகுப்பின் நன்மை, மலிவாகப் பல அளவுகளை வைத்திருக்கலாம் என்பதும், ஒன்றைத் தீட்டிக் கெடுத்தாலும் பெரிய இழப்பில்லை என்பதும். அதன் குறை, பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள ஆட்டம். கை நேராகத் திருப்பினாலும் அலகு காடிக்குள் சாய இடம் கொடுக்கும். அறுகோண அடி அகலமாக இருப்பதால் ஆழத் துளைகளில் இறங்காது. காந்தப் பிடி மற்றொரு தொல்லை. லாக்கின் உள்பாகங்கள் காந்தமேறினால் இரும்புத் துகள்கள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும்.

நான் பரிந்துரைப்பது இதுதான். தொடக்கத்தில் நல்ல மாற்று அலகுத் தொகுப்பு ஒன்றை வாங்கி, காடியைவிடச் சற்றே தடித்த அலகைத் தேர்ந்து, அதைக் காடிக்கு இணங்கத் தீட்டிக்கொள்ள வேண்டும். அடிக்கடி கழற்றும், மிக இறுகி நிற்கும் ஓரிரு திருகாணிகளுக்கு மட்டும் நிலையான பிடியுள்ள திருப்புளியைத் தனியாகச் செய்துகொள்ளலாம். ஒரு சைடுலாக் துப்பாக்கிக்கு இப்படி ஏழெட்டு அலகுகள் பெரும்பாலும் போதும்.

ஆறாம் படி: அலகைக் காடிக்கு இணங்கத் தீட்டுதல்

குழிவாகத் தீட்டிய அலகு ஏன் நல்லது என்பதைச் சக்கரத்தின் வடிவம் விளக்கும். 150 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தில், அலகின் நுனி சரியாகத் தொடுகோட்டுப் புள்ளியில் நிற்கும்படி வைத்துத் தீட்டினால், நுனியிலிருந்து 2 மி.மீ. மேலே ஒரு பக்கத்தில் தடிமன் கூடுவது 0.03 மி.மீ.-க்கும் குறைவு, 6 மி.மீ. மேலே 0.24 மி.மீ. அதாவது காடிக்குள் இருக்கும் பகுதி ஏறக்குறைய இணையாகவும், அதற்கு மேல் விரைவாகத் தடித்தும் போகிறது. மெல்லிய நுனிக்குப் பின்னால் தடித்த முதுகு கிடைப்பதே இதன் பயன். நுனி தொடுகோட்டைத் தாண்டிப் போய்விட்டால், நுனிக்குச் சற்று மேலே இடை மெலிந்துவிடும். அங்கேதான் அலகு முறியும்.

இதற்குத் தண்டை அசையாமல் பிடிக்கும் தாங்கியும், சக்கரம் தண்டிலிருந்து நுனியை நோக்கி ஓடும் அமைப்பும், கண் காப்பும் வேண்டும். விரல்களால் மட்டும் பிடித்துச் செய்யும் வேலையன்று இது. தொட்டுத் தொட்டு எடுத்து ஒவ்வொரு முறையும் நீரில் தோய்க்க வேண்டும்.

வாங்கிய அலகை 0.1 மி.மீ. அளவுக்குக் குறைக்கச் சக்கரமே தேவையில்லை. 400 எண் வைரத் தகட்டைச் சமதளத்தில் வைத்து, அலகைத் தட்டையாகப் படுக்க வைத்து, நுனியில் மட்டும் விரலின் அழுத்தம் விழும்படி, நீளவாக்கில் இழுக்க வேண்டும். பத்து முறை ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கமும் அதே பத்து முறை. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் மைக்ரோமீட்டரால் நுனியின் இரு மூலைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒரு மூலை மெலிந்திருந்தால் அடுத்த சுற்றில் அழுத்தத்தை மறு மூலைக்கு மாற்ற வேண்டும். இலக்கு 0.58 மி.மீ. என்றால் 0.60-இல் நிறுத்திக் காடியில் வைத்துப் பார்த்துவிட்டு, மீதியை 1000 எண் கல்லில் முடிப்பது நல்லது. கடைசியில் நுனியின் அடியைச் செங்குத்தாகத் தீட்டி, பக்கவாட்டு மூலைகள் இரண்டையும் கல்லில் ஒரே ஒரு முறை தொட்டு அவற்றின் கூர்மையை மட்டும் எடுத்துவிட வேண்டும். காடிச் சுவரைத் தொடும் நீள விளிம்புகளைத் தொடக் கூடாது. அவை கூராகவே இருக்கட்டும்.

ஏழாம் படி: பொருத்திப் பார்த்தல்

காடி மேல்நோக்கி இருக்கும்படி துப்பாக்கியைப் பிடித்து, அலகைக் காடிக்குள் இறக்கினால், கையை எடுத்த பின்னும் சிறு திருப்புளி சாயாமல் தானாக நிற்க வேண்டும். மெல்ல இரு பக்கமும் திருப்பிப் பார்த்தால் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது.

இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. நுனியின் இரு பக்கங்களிலும் மார்க்கர் மையைப் பூசி, உலர்ந்ததும் காடிக்குள் வைத்து, திருகாணி அசையாத அளவுக்கு மிக இலேசாக ஒரு திசையில் அழுத்திவிட்டு வெளியே எடுத்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். மை அழிந்த இடங்கள் அலகு எங்கே சுவரைத் தொடுகிறது என்பதைக் காட்டும். ஒரு பக்கத்தின் வலப் பாதியிலும் மறுபக்கத்தில் அதற்கு எதிரான பாதியிலும், நுனியிலிருந்து காடியின் வாய் வரை மை அழிந்திருந்தால் பொருத்தம் சரி. காடி வாயின் உயரத்தில் மெல்லிய கோடாக மட்டும் அழிந்திருந்தால் அலகு இன்னும் சரிவாக இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் அழிந்திருந்தால் அலகு ஒருக்களித்துத் தீட்டப்பட்டிருக்கிறது. மறுபடி கல்லுக்குப் போக வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாத அலகால் எந்தத் திருகாணியையும் தளர்த்த முயலக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எட்டாம் படி: தளர்த்துதல்

முதலில், பூட்டுத் திருகாணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பியத் துப்பாக்கிகள் சிலவற்றில் பெரிய திருகாணியின் ஓரத்தில், அது தானே சுழலாமல் தடுக்கும் சிறு திருகாணி ஒன்று இருக்கும். அதைக் கழற்றாமல் பெரியதைத் திருப்பினால் இரண்டும் கெடும்.

இடக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் அலகைக் காடியின் அருகில் பிடித்து நிற்க, வலக்கை பிடியை நேர் கீழே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். அழுத்தம் முதலில், திருப்பம் பிறகு. இடக்கை விரல்கள் வழிகாட்டியாகவும், வழுக்கினால் தடுப்பாகவும் பயன்படும்.

ஆங்கிலச் சைடுலாக்கில் மிகவும் சோதிப்பது பிரீச் பின். செயற்பகுதியின் மேல்வாலில், துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்புகோலான டாப் லீவருக்கு அடியில் மறைந்து, அந்தப் பகுதியைக் கீழேயுள்ள விசைத் தகட்டோடு இழுத்துப் பிடிக்கும் பெரிய திருகாணி அது. லீவரை ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்தால்தான் தலை தெரியும். லீவர் தன் வில்லின் இழுப்பால் திரும்பி வந்து அலகில் இடிக்கப் பார்க்கும். தலை அகலமானது, காடி மெல்லியது, இறுக்கமோ துப்பாக்கியிலேயே மிக அதிகம். இங்கே நீண்ட நிலைப்பிடித் திருப்புளியும், லீவரை ஒதுக்கிப் பிடிக்க இன்னொருவர் கையும் வேண்டும். ஒதுக்கிய லீவருக்கும் தண்டுக்கும் இடையில் மெல்லிய தோல் துண்டை வைத்தால் லீவரின் செதுக்கு வேலை காப்பாற்றப்படும். இந்த ஒரு திருகாணிக்கென்று தனித் திருப்புளி செய்வது வீண்செலவன்று. துப்புரவு வேலைக்காகப் பிரீச் பின்னைக் கழற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் எழுவதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1880-இல் ஃபிரடெரிக் பீஸ்லி காப்புரிமை பெற்று, பர்டி ஏற்றுக்கொண்ட தானே திறக்கும் அமைப்புள்ள துப்பாக்கிகளில் லாக்குகளைக் கழற்றுவதை அந்த அமைப்பை அறிந்தவருக்கே விட வேண்டும். அதில் முதன்மை வில்லே துப்பாக்கியைத் திறக்கவும் உதவுவதால், திருப்புளி சரியாக இருந்தாலும் வில்லின் இறுக்கத்தை அறியாத கை ஆபத்தில் மாட்டும். மாறாக, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1908-இல் காப்புரிமை பெற்ற கையால் கழற்றும் லாக்கில் சிறு நெம்புகோலே திருப்புளியின் வேலையைச் செய்கிறது. அங்கே லாக்கை எடுக்க எந்த அலகும் வேண்டாம்.

மேலும் கீழுமாகக் குழல் அமைந்த பல துப்பாக்கிகளில் கட்டையை நீளமான போல்ட் ஒன்று பின்னாலிருந்து பிடிக்கும். கட்டையின் நீள் துளைக்குள் சுமார் 300 மி.மீ. நீளத் திருப்புளியைக் கண் தெரியாமல் இறக்க வேண்டியிருக்கும். அலகு காடியில் அமராமல் போல்ட் தலைக்கும் மரத்துக்கும் இடையில் சிக்கித் திருப்பப்பட்டால் கட்டை பிளந்துவிடும். கைவிளக்கால் உள்ளே பார்த்து, தண்டில் துணி நாடா சுற்றித் துளையின் நடுவில் நிற்கச் செய்து, அலகு காடியில் விழுந்ததைக் கை உணர்ந்த பின்னரே திருப்ப வேண்டும்.

அசையாத திருகாணி

நல்ல அலகு, நேரான அழுத்தம் இரண்டும் இருந்தும் அசையவில்லை என்றால் விசையைக் கூட்டாமல் நிறுத்த வேண்டும். ஊடுருவும் எண்ணெயை ஒரு துளி தலையைச் சுற்றி விட்டு, மரத்தில் வழியாமல் துடைத்து, இரவு முழுவதும் விட்டு வைக்கலாம். மறுநாள், தண்டு பிடியின் மேல்முனை வரை ஊடுருவிச் செல்லும் திருப்புளியைக் காடியில் அமர்த்தி, சிறு சுத்தியலால் இலேசாகச் சில தட்டுகள் கொடுத்தால் மரையில் பிடித்த துரு உடைய வாய்ப்புண்டு. பின்னர் முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு அழுத்தி, அதன் பின் தளர்த்திப் பார்க்க வேண்டும். மற்றொரு வழி, சால்டரிங் இரும்பின் நுனியைத் தலையின் மீது மட்டும் சிறிது நேரம் வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டு முயல்வது. சுற்றிலும் மரம் இருக்கும் இடத்தில் இதைத் தவிர்க்க வேண்டும்.

மிகவும் பிடிவாதமானவற்றுக்குக் கம்மியர்கள் துளையிடும் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். மின்இணைப்பை முற்றிலும் கழற்றிவிட்டு, அலகை அதன் சக்கில் (துளையூசியைப் பிடிக்கும் தாடையில்) பிடித்து, துப்பாக்கியை மேசையில் அசையாமல் கட்டி, கைப்பிடியால் அலகைக் காடிக்குள் அழுத்திக்கொண்டே சக்கைக் கையால் திருப்புவார்கள். அலகு சாயவோ மேலே ஏறவோ வழியில்லாததால் காடிக்குத் தீங்கு நேர்வதில்லை. இதற்கும் அசையாவிட்டால் அனுபவமுள்ள கம்மியரிடம் கொடுப்பதே முறை. தலை முழுதாக இருக்கும் நிலையில் கொடுத்தால் அவருக்கும் வழி இருக்கும்.

திரும்பப் பூட்டுதல்

கழற்றிய திருகாணிகள் ஒவ்வொன்றையும், அளவெடுக்கும்போது வரைந்த படத்தின்படி துளையிட்ட பலகையில் அதனதன் இடத்தில் செருகி வைக்க வேண்டும். பார்வைக்கு இரண்டு ஒரே மாதிரி இருந்தாலும் இடம் மாற்றக் கூடாது. இடம் மாறினால் மரை கெடுவதோடு, காடி நிற்கும் திசையும் தவறும்.

பூட்டும்போது மரையில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். முதல் சுற்றுகளைத் திருப்புளி இல்லாமல் விரலாலேயே திருப்ப வேண்டும். எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்தித் திரும்ப எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். கடைசிச் சுற்றில் காடி குழலின் போக்குக்கு நேராக வந்ததும் நிறுத்த வேண்டும். காடி நேராக வருவதற்கு முன்பே திருகாணி கெட்டியாக நின்றுவிட்டால், தலைக்கு அடியில் அழுக்கு சிக்கியிருக்கலாம், அல்லது திருகாணி இடம் மாறியிருக்கலாம். கழற்றிப் பார்க்க வேண்டும், விசையால் இழுத்துக்கொண்டு வரக் கூடாது. நேரான நிலையைத் தாண்டியும் தளர்ச்சி தெரிந்தால் தலையின் அமர்விடமோ மரையோ தேய்ந்திருக்கிறது. அதைக் கம்மியரிடம் காட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும், தீட்டிய ஒவ்வோர் அலகின் மீதும் எந்தத் துப்பாக்கியின் எந்தத் திருகாணிக்கு உரியது என்பதையும் அதன் தடிமனையும் பொறித்து, எண்ணெய் தடவி, நுனிகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனிக் குழிகளில் வைக்க வேண்டும். அவற்றை வேறெந்த வேலைக்கும், முக்கியமாக எதையும் நெம்பித் திறப்பதற்கு, எடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறை பயன்படுத்துவதற்கு முன்பும் நுனியின் மூலைகளை உருப்பெருக்கியில் பார்த்து, உருண்டிருந்தால் 1000 எண் கல்லில் அடியைச் சில இழுப்புகள் இழுத்துச் செங்குத்தாக்கிக்கொண்டு, தடிமனை மறுபடி அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.